கார்டில் இருந்தது ஓ பாசிட்டிவ்

போன மார்கழியில் ஒரு ராத்திரி. கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்காக ஒரு அக்காவுக்கு இரண்டு யூனிட் ரத்தம் கேட்டு ஸ்லிப் வந்தது. பழைய கார்டில் ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருந்தது. எங்கள் ரத்த வங்கியில் அன்றைக்கு ஓ நிறையவே இருந்தது. நோயாளி ரத்தமும் பேக் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் போட்டேன். செல்கள் கட்டிகட்டியாகத் திரண்டன. அடுத்த பேக்கிலும் அதேதான். ஐந்து பேக் பார்த்துவிட்டேன், ஒன்றுகூடச் சேரவில்லை. ஆனால் அவருடைய சீரத்தை, அதாவது ரத்தத்தில் செல் நீக்கிய தெளிந்த நீரை, அவருடைய செல்லோடே சேர்த்தால் ஒன்றும் ஆகவில்லை.

பதினான்கு வருஷ வேலையில் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த பம்பாய் குரூப் என்ற அரிய ரத்த வகை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஏ, பி இரண்டும் சிவப்பணுவின் மேல் உள்ள அடையாளப் பொருள்கள், அதாவது ஆன்டிஜென்கள். எச் என்ற ஆன்டிஜென்னின் மேல் கட்டப்படுபவை. ஓ ரத்தத்தில் அந்த எச் அப்படியே நிறைய இருக்கும். பம்பாய் குரூப்காரர்களுக்கு எச்சே கிடையாது. ஏ, பி இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டி-ஏ, ஆன்டி-பி திரவங்கள் இரண்டுக்கும் செல்கள் திரளாததால் ஓ என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் சீரத்தை ஓ செல்லோடு சேர்த்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரே ஒரு டியூப் வேலை. அதைச் செய்யாமல் கார்டு கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவர்கள் உடம்பில் எச்சைத் தாக்கும் ஆன்டி-எச் இருக்கிறது. ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

1952இல் பெண்டேவும் மற்றவர்களும் பம்பாயில் மூன்று பேரிடம் இதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர், ஐரோப்பாவில் 10 லட்சம் பேருக்கு ஒருவர் என்பது பொதுவான கணக்கு. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு நம் ஊர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார்களே, அங்கே இந்திய வம்சாவளியினரிடம் இந்தியாவில் உள்ள அதே மரபணு மாற்றம் கிடைத்திருக்கிறது. அதே தீவின் வெள்ளையர் குடும்பங்களில் எச் குறைவதற்குக் காரணம் வேறொரு மாற்றம். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோருக்கு சிவப்பணுவில் டஃபி என்ற வேறொரு ஆன்டிஜென் இல்லாததற்கு, அந்த இல்லாமை மலேரியாவிலிருந்து காப்பதைக் காரணமாகச் சொல்வார்கள். பம்பாய்க்கு அப்படி ஒரு பலன் தெரியவில்லை. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் எச்சை இல்லாமல் செய்யும் மாற்றம் வந்தால்தான் பம்பாய் குரூப் வெளிப்படும் என்பதால், சொந்தத்தில் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது.

அந்த அக்காவின் அம்மா கட்டியது தாய்மாமனைத்தான். கூடப்பிறந்தவர்களில் நாலுக்கு ஒருவருக்கு வாய்ப்பு உண்டு என்பதால் அண்ணன், தம்பி, தங்கை மூவரையும் வரச் சொன்னேன். லாரி ஓட்டும் அண்ணன் விடியற்காலையில் வந்தார். அவருக்கும் பம்பாய்! ஆபரேஷனை ஒத்திவைத்து, அவரிடம் ஒரு யூனிட் எடுத்து வைத்தோம்.

அப்புறம் அந்த அக்கா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "சார், எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஓ. பையனுக்கு மட்டும் பி. எங்க வீட்டுல இதை வச்சு என்னென்னவோ பேசிட்டாங்க."

அந்த அக்காவுக்குள் பி மரபணு இருக்கிறது. எச் இல்லாததால் வெளியே தெரியவில்லை. பையனுக்கு அப்பாவிடமிருந்து எச் வந்தது, அம்மாவின் பி வெளிப்பட்டுவிட்டது. மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்து, பேப்பரில் படம் போட்டு இதைச் சொன்னேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேப்பரை மட்டும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.