120 அடியில் உப்பு, 7 அடியில் நல்ல தண்ணீர்

பெரியபட்டினம் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் போன ஆண்டு 120 அடிக்கு போர் போட்டோம். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பென்றால் உப்பு, கடல் நீரேதான். வண்டிக்காரர்கள் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள். இடம் குறித்துக் கொடுத்தவர் அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை.

அவர் தேங்காயை உருட்டி நீரோட்டம் பார்த்தவர் அல்லர். மின்தடை மீட்டர் வைத்துத்தான் பார்த்தார். தரையில் இரும்பு முளைகளை அடித்து மின்சாரம் விட்டு, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் கருவி அது. ஒரே கருவியின் எண்ணை நம்பி ஆழத்தை முடிவு செய்ததுதான் எங்களைக் கவிழ்த்தது. நம் கடற்கரையில் மின்தடை குறைவதைத் தண்ணீருக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உப்புநீர் ஊறிய மணல் 2, 3 ஓம்-மீட்டர் (மின்தடையின் அலகு) காட்டும். களிமண்ணும் 10-க்குக் கீழேதான் காட்டும். நல்ல தண்ணீர் நிற்கும் மணலுக்கு 50, 60 வரும். எண் இறங்க இறங்க அவர் முகம் மலர்ந்தது, நானும் நம்பிவிட்டேன். போதாக்குறைக்கு, கம்பி வேலியை ஒட்டியே முளைகளை அடித்திருந்தார். இரும்புக் கால் நட்ட வேலி பக்கத்தில் இருந்தால் மின்சாரம் அதன் வழியே ஓடி அளவைக் கெடுத்துவிடும்.

இரண்டாம் முறை முறையாகச் செய்வோம் என்று, நீரோட்டம் பார்த்துத் தரச் சொல்லி ஓர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கப் போனேன். பட்டா, சிட்டா, ஆதார் எல்லாம் கையில். கூட்டுப் பட்டா என்பதால் சித்தப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார் மேசையில் இருந்தவர். அடுத்த வாரம் அதோடு போனால், புலப்படம் (நிலத்தின் எல்லை காட்டும் வரைபடம்) எங்கே என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே" என்று பதில். ராமநாதபுரத்துக்கு மூன்று முறை பஸ் ஏறி, கடைசியில் கிடைத்தது ஒரு வரிசை எண் மட்டும். போகிறவர்கள் புலப்படத்தை முதல் நாளே கொண்டுபோங்கள். வேண்டிய தாள்கள் எவை என்று ஒரு சீட்டில் எழுதி வாங்காமல் மேசையை விட்டு நகராதீர்கள்.

காத்திருந்தால் மரங்கள் காய்ந்துவிடும். புவி இயற்பியல் படித்த இரண்டு பேரைத் தனியாக வரவழைத்தேன். அவர்கள் முதலில் கேட்டதே, கரைக்கு இணையாக 200 மீட்டர் நேர்கோடு கிடைக்குமா என்பதுதான். கடலை நோக்கிக் கோடு போட்டால் கோட்டின் ஒரு முனை உப்பிலும் மறுமுனை நல்ல தண்ணீரிலும் நிற்கும், ஆழத்தின் கணக்கு குழம்பிவிடும். இணையாகப் போட வேண்டுமென்றால் பக்கத்து இரண்டு தோப்புகளுக்குள் போக வேண்டும். அவர்களிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தது நல்லதாயிற்று. காய்ந்த மணலில் முளைக்கு மின்தொடர்பு பிடிக்காது என்பதால் ஒவ்வொரு முளையின் அடியிலும் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினோம். மின்தடை வேலை ஒரே நாளில் முடிந்தது.

சம்மட்டி வேலைதான் ஒரு நாளைத் தின்றது. தரையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். வரிசையாகச் செருகிய ஜியோபோன்களுக்கு, அதாவது தரையின் அதிர்வை உணரும் கருவிகளுக்கு, அந்த அதிர்வு எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்று கருவி பதிவு செய்யும். உலர்ந்த மணலில் அதிர்வு நொடிக்கு 300, 400 மீட்டர்தான் போகும். நீர் நிறைந்த மணலில் 1500 மீட்டருக்குத் தாவும். ஆகவே தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று இது சொல்லிவிடும். ஆனால் அது உப்பா, நல்லதா என்று இதற்குத் தெரியாது. அதை மின்தடைதான் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஆரம்பித்தது ஆடி மாதத்தில், காலை 11 மணிக்கு. காற்று எழுந்துவிட்டது. தென்னை ஆட, வேர் ஆட, தரையும் நடுங்கியது. திரையில் சம்மட்டியின் அதிர்வுக்கும் காற்றின் நடுக்கத்துக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஒரே இடத்தில் 20 முறை அடித்து, பதிவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு, ஓலை அசையாத நேரத்தில் அடித்தோம். முதல் அடியிலேயே கோடு சுத்தமாக விழுந்தது. ஆடி, ஆவணியில் யாராவது நண்பகலில் இந்த வேலைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சம்மட்டிக் கணக்கில் தண்ணீர் 7 அடியில் தொடங்கியது. பக்கத்துத் தோப்பு அப்பத்தா சிரட்டையால் கோரிக் குடம் நிறைக்கும் ஊற்றில் நாடாவை விட்டுப் பார்த்தோம். ஒத்துப்போனது. மின்தடை 18 அடிக்குக் கீழே சரிந்தது. அது களியா, உப்பு மணலா? பி.வி.சி. குழாயை இறக்கி உள்ளிருந்து மணலை வாரி வாரி எடுத்தோம். 18 அடி தாண்டியதும் கறுப்புக் களி, நடுவே சிப்பித் துண்டுகள். விரலில் ஒட்டிக்கொண்டு விடவில்லை. அந்தக் களியைத்தான் எங்கள் போர் துளைத்துக்கொண்டு உப்புக்குள் போயிருக்கிறது.

இப்போது 15 அடியில் உறைகிணறு, களியைத் தொடவில்லை. சின்ன மோட்டார், காலையும் மாலையும் அரை மணி நேரம். களி இல்லாத தோப்புக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மட்டம் 1 அடி இறங்கினால் அடியில் உப்பு 40 அடி ஏறும் என்பது கணக்கு.

பழைய போரைத் திறந்தபடியே விட்டுவிடாதீர்கள். அதன் வழியே உப்பு மேலே கசியும். சிமெண்டுக் கலவை ஊற்றி அடிவரை அடைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. வாரம் ஒருமுறை கிணற்றுநீரின் உப்பைச் சிறிய மீட்டரில் அளக்கிறேன். நேற்றும் முதல் நாள் காட்டிய எண்ணையே காட்டியது.