சாக்லேட் கடைச் சுற்று: மார்ச் குறிப்புகள்

மார்ச் 7, சனி

எல்லாக் கடைப் பலகையிலும் 'கைவினை சாக்லேட்' என்றுதான் இருக்கிறது. உள்ளே நடப்பதோ மூன்று வேறு வேலைகள். கோகோ விதையை மூட்டையாக வாங்கி, வறுத்து, அரைத்து, பார் வார்ப்பது ஒன்று. பெரிய ஆலையில் தயாரான கூவர்ச்சர் சாக்லேட்டை வாங்கி உருக்கி, பான்பானும் (உள்ளே நிரப்பு வைத்த சிறு சாக்லேட்) ட்ரஃபிளும் செய்வது இன்னொன்று. வேறெங்கோ செய்து வந்ததை அழகான பெட்டியில் அடுக்கி விற்பது மூன்றாவது.

இரண்டாவது வகையை 'வெறும் உருக்குகிற கடை' என்று மட்டம்தட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நியாயமில்லை. விதை வறுப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு, க்ரீமும் சாக்லேட்டும் சேர்ந்த கனாஷ் கிண்டுபவருக்குத் தெரிய வேண்டியது வேறு. இரண்டிலும் தேர்ந்தவர்கள் குறைவு. எந்த ஆலையின் கூவர்ச்சர் என்று கேட்டதும் பெயர் சொல்கிற கடையில் நம்பி வாங்கலாம். 'எல்லாம் நாங்களே செய்கிறோம்' என்று சொல்லிவிட்டு, வறுவலைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றுகிற கடையில் பெட்டியின் அழகுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

விதையிலிருந்து செய்யும் கடையில் கேட்க வேண்டியவை: விதை எந்த நாடு, எந்தத் தோட்டம் அல்லது கூட்டுறவு, எந்த ஆண்டு அறுவடை, எத்தனை மணி நேரம் அரைக்கிறீர்கள். உருக்கும் கடையில் ஒரே கேள்வி போதும்: இந்தப் பான்பான் எந்தத் தேதியில் செய்தது?

மார்ச் 8, ஞாயிறு

இன்று லேபிள் மட்டும்.

உலக உணவுத் தர விதியான கோடெக்ஸ்படி, சாக்லேட் என்ற பெயரில் விற்க மொத்தக் கோகோப் பொருள் குறைந்தது 35 சதவீதமாவது இருக்க வேண்டும். அதில் கோகோ வெண்ணெய் (கோகோ விதையின் கொழுப்பு) 18, கொழுப்பு நீங்கிய கோகோ 14 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெள்ளைச் சாக்லேட்டுக்குக் கோகோ வெண்ணெய் 20. பொருள் பட்டியலில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் பாம் கெர்னல் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு இருந்தால் அது காம்பவுண்ட். டெம்பரிங் (சூடாக்கி, ஆற்றிப் பதப்படுத்துவது) தேவையில்லை, வெயில் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் வாயில் மெழுகுபோல் பூசிக்கொண்டு நிற்கும். கைவினைக் கடையில் அதற்கு வேலையில்லை.

'70 சதவீதம்' என்ற எண்ணை வைத்துத் தரம் பேசுகிறார்கள். அந்த எண் கோகோ மாஸும் (தோல் நீக்கிய விதையை அரைத்த கூழ்), தனியாகச் சேர்த்த கோகோ வெண்ணெயும் சேர்ந்த கூட்டுத்தொகை. மாஸில் 54 சதவீதம் கொழுப்பு என்று வைத்துக் கணக்குப் போடலாம். 70 பங்கு மாஸ், 30 பங்கு சர்க்கரை என்றால் கொழுப்பு சுமார் 38, சுவை தரும் உலர்கோகோ 32. அதே 70-ஐ 60 மாஸ், 10 வெண்ணெய் என்று கூட்டினால் கொழுப்பு 42-ஐத் தாண்டும், உலர்கோகோ 28-க்கும் கீழே போகும். லேபிளில் எண் மாறாது. இரண்டாவது வழவழப்பாக, சாதுவாக இருக்கும். எது நல்லது என்பது விதையைப் பொறுத்தது. முரட்டு விதைக்குக் கொஞ்சம் வெண்ணெய் நல்லதே செய்யும்.

பட்டியலில் லெசித்தின் என்ற சேர்பொருள் இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். 0.3 முதல் 0.5 சதவீதம் சேர்த்தால் சாக்லேட் நன்றாக ஓடும். அதற்கு மேல் போட்டால் திரும்பக் கெட்டியாகும் என்பதால் அதிகம் போடுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

மார்ச் 14, சனி

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வேலை தெரிகிற கடை. இப்படிப்பட்ட இடத்தில் அரைமணி நேரம் நின்று பார்ப்பது பத்துக் கடை சுவைத்துப் பார்ப்பதைவிட மேல்.

முதலில் கையால் பொறுக்குகிறார்கள்: கல், குச்சி, ஒட்டிப்போன இரட்டை விதை, தட்டையான சொத்தை. நான்கைந்து விதையை நீளவாக்கில் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பழுப்பும் ஆழமான வெடிப்புகளும் தெரிந்தால் நன்றாக நொதித்த விதை. ஊதா என்றால் அரைகுறை. கற்பலகைச் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தால் நொதிக்கவே இல்லை. கொள்முதலில் இதே சோதனையை 300 விதை வெட்டிச் செய்வார்கள். நொதிக்காத விதையின் துவர்ப்பு எந்த வறுவலுக்கும் மசியாது. புகைநாற்றமும் அப்படித்தான், மழைக்காலத்தில் விறகு நெருப்பின் மேல் உலர்த்திய விதையிலிருந்து வருவது, கடைசிவரை கூடவே வரும்.

வறுவல் பெரும்பாலும் 110 முதல் 140 டிகிரி செல்சியஸ், 15 முதல் 35 நிமிடம். கூடிப்போனால் எந்த ஊர் விதையும் ஒரே கருகல் சுவைதான். குறைந்தால் தோல் பிரியாது, நொதித்தலில் உண்டான அசிட்டிக் அமிலமும் உள்ளேயே தங்கி வினிகர் வாடை அடிக்கும். பிறகு உடைத்து, காற்றில் தோலைப் புடைத்து எடுக்கிறார்கள். ஒரு கிலோ விதைக்கு 700 முதல் 800 கிராம் நிப்ஸ் (தோல் நீங்கிய விதைத் துண்டுகள்) கிடைக்கும். அதற்கு மேல் கிடைத்ததாகச் சொன்னால் தோலும் சேர்ந்து போயிருக்கிறது என்று பொருள். தோல் கலந்த சாக்லேட் நாக்கில் நாராக உரசும்.

அரைப்பது மெலாஞ்சரில். கருங்கல் அடித்தளம், அதன்மேல் சுழலும் கருங்கல் உருளைகள். மாவு அரைக்கும் கிரைண்டரின் அமைப்பேதான். ஒரு துளி தண்ணீர் கூடப் படக் கூடாது என்பதுதான் வித்தியாசம். ஈரம் பட்டால் சர்க்கரை ஒட்டிக்கொண்டு முழுத் தொகுதியும் சேறுபோல் இறுகிவிடும். நிப்ஸை முன்கூட்டியே சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அது கூழாகி ஓடத் தொடங்கியபின் சர்க்கரை. துகள் 20 மைக்ரான் அளவுக்கு வர வேண்டும். 30-க்கு மேல் இருந்தால் நாக்குக்கு நறநறப்பு தெரியும். 15-க்குக் கீழே போனால் பசைபோல் ஒட்டும்.

புளிப்பைப் போக்கும் கான்ச்சிங் எனப்படும் நீண்ட கிளறலை 1879-ல் ரோடோல்ஃப் லிண்ட் கண்டுபிடித்தபோது அதற்குத் தனி இயந்திரம் இருந்தது. சிறு கடையில் அரைப்பும் கிளறலும் ஒரே கல்லில் நடக்கின்றன. தொல்லை இங்கேதான். புளிப்பு போவதற்குள் துகள் தேவையான அளவுக்கு நைந்துவிடும். தெரிந்தவர்கள் அந்தக் கட்டத்தில் உருளையின் அழுத்தத்தைத் தளர்த்தி, மூடியைத் திறந்து, காற்றோட்டத்தில் ஓடவிடுகிறார்கள். தெரியாதவர்கள் '72 மணி நேரம் அரைத்தது' என்று பெருமையாக எழுதி வைக்கிறார்கள். மணிக்கணக்கு ஒரு தரச் சான்று அல்ல.

மார்ச் 15, ஞாயிறு

டெம்பரிங்.

கோகோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. நமக்கு வேண்டியது ஐந்தாவது; 33, 34 டிகிரியில் உருகும், அதாவது கையில் நிற்கும், வாயில் கரையும். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கிப் பழைய படிகங்களை அழித்து, 27, 28-க்கு இறக்கி, 31, 32-க்கு ஏற்றி வேலை செய்ய வேண்டும். மில்க் என்றால் வேலை வெப்பம் 29, 30. வெள்ளைக்கு 28, 29. ஒரு டிகிரி தவறினாலும் பின்னால் தெரிந்துவிடும். சுருக்கு வழி: உருகியதில் கால் பங்கு அளவுக்கு, ஏற்கெனவே டெம்பர் ஆன சாக்லேட்டை நறுக்கிப் போட்டுக் கிளறுவது.

கடையில் பார்ப்பது எப்படி? பாரின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கப் பளபளப்பு பாலிகார்பனேட் அச்சு கொடுத்தது. பின்பக்கத்தில் கோடுகோடாக வெளுப்பு ஓடினால் டெம்பர் தவறியிருக்கிறது. ஓரங்கள் நன்றாக இருந்து நடுவில் மட்டும் மங்கல் வட்டம் இருந்தால் டெம்பர் சரி, குளிர்வித்ததுதான் தவறு: உறையும்போது சாக்லேட் தானே வெப்பம் விடும், காற்றோட்டம் போதாவிட்டால் தடித்த நடுப்பகுதி மறுபடி இளகும்.

வெண்பூச்சு இரு வகை. விரலால் மெல்லத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு மறைவது கொழுப்புப் பூச்சு; சூட்டாலோ தவறான டெம்பராலோ வந்தது. சொரசொரப்பாக இருந்து, ஈர விரலில் மட்டும் கரைவது சர்க்கரைப் பூச்சு; குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தபோது வியர்த்தது. முன்னதற்குச் செய்தவரோ, வெயிலில் அனுப்பியவரோ பொறுப்பு. பின்னது பெரும்பாலும் விற்பவரின் வேலை. எதுவானாலும் சாப்பிட ஆபத்தில்லை, ஆனால் முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

மார்ச் 21, சனி

பான்பான் கடைகள். வாங்கிய உடனே ஒன்றைக் கத்தியால் பாதியாக அறுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கடைக்காரர்கள் விசித்திரமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

உறை 1 முதல் 2 மில்லிமீட்டர், எல்லாப் பக்கமும் ஒரே தடிமன். அடி மட்டும் தடித்திருந்தால் மூடும்போது அவசரம். கனாஷுக்கும் மூடிக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் அங்கேதான் முதலில் பூஞ்சை பிடிக்கும். கனாஷ் வெட்டிய இடத்தில் எண்ணெய் மினுங்கி, மணல்போல் தெரிந்தால் குழம்பு பிரிந்திருக்கிறது: க்ரீமும் சாக்லேட்டும் 35 முதல் 40 டிகிரிக்குள் ஒன்றுசேர வேண்டும், அதற்கு முன்பே ஆறிப்போனாலோ கொழுப்பு மிகுந்தாலோ பிரியும். அடுப்படியிலேயே வெதுவெதுப்பான பால் சில துளி விட்டுக் கிளறினால் சேர்ந்துவிடும் என்பதால், பிரிந்ததை அப்படியே ஊற்றி விற்பது சோம்பல் மட்டுமே.

கனாஷை 30 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டுத்தான் உறையில் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் உறையின் டெம்பர் உள்ளிருந்து கலையும். அச்சிலிருந்து கழன்று வராது, வந்தாலும் சில நாளில் வெளுக்கும். ஊற்றியபின் ஓர் இரவு விட்டு மறுநாள் மூடுவது முறை.

ஹேசல்நட் பிரலினே (கொட்டையும் சர்க்கரையும் அரைத்த விழுது) நிரப்பியவை வேறு கதை. தண்ணீரே இல்லாததால் அவை சீக்கிரம் கெடாது. ஆனால் கொட்டை எண்ணெய் மெல்ல உறைக்குள் ஊறி, அதை மென்மையாக்கி வெளுக்க வைக்கும். செய்தவர் மேல் குற்றமில்லை. அலமாரியில் நெடுநாள் கிடந்ததன் அடையாளம் அது. க்ரீம் கனாஷுக்கு இரண்டு மூன்று வாரம்தான் ஆயுள், சர்க்கரை குறைத்துச் செய்ததற்கு இன்னும் குறைவு. 'ஆறு மாதம் தாங்கும்' என்று சொல்லப்படும் க்ரீம் கனாஷை வாங்க வேண்டாம்.

கண்ணைப் பறிக்கும் நிறங்கள் நிறமூட்டிய கோகோ வெண்ணெயைத் தெளிப்பதால் வருபவை. தெளிப்பு தடித்தால் கடிக்கும்போது நிறம் செதிலாக உரியும். கண்காட்சிக்கு நன்றாக இருக்கும்.

மார்ச் 22, ஞாயிறு

சுவைக்கும் வரிசை: முதலில் தனிச் சாக்லேட், பிறகு கனாஷ், கடைசியில் காரமல், கொட்டை. தனிச் சாக்லேட்டில் மென்மையானதிலிருந்து கடுமையானதற்கு. நடுவில் வெதுவெதுப்பான தண்ணீர். குளிர்ந்த நீர் குடித்தால் வாய் குளிர்ந்து அடுத்த துண்டு உருகாது. காபி குடித்துவிட்டுப் போக வேண்டாம். ஆறேழு துண்டுக்குமேல் நாக்கு வேறுபாடு சொல்லாது, பாராட்டு மட்டும் சொல்லும்.

மார்ச் 28, சனி

பல கடை ஏறி இறங்கும் நாளில் பார்களை முதலில் வாங்கலாம். பான்பானைக் கடைசிக் கடைக்கு வையுங்கள். காப்புப் பையில் ஐஸ் பொதியைப் பெட்டிமேல் நேராக வைக்காமல் நடுவே துணியோ தாளோ கொடுக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸில் நொய்ஹாஸ் குடும்பம் 1912-ல் நிரப்பிய பிரலினை (அங்கே பான்பானுக்குப் பெயர்) அறிமுகப்படுத்தி, 1915-ல் அதற்கென்றே பாலட்டான் என்ற கெட்டி அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தது, தாள் கூம்பில் போட்டால் அடியில் உள்ளவை நசுங்கியதால்தான். கடையில் தாள் பை நீட்டினால் பெட்டி கேளுங்கள்.

வீட்டில் 16 முதல் 18 டிகிரி, உலர்ந்த இடம், மசாலாவுக்குத் தூரம். அந்த வெப்பம் கிடைக்காவிட்டால் குளிர்பெட்டிதான் வழி: பெட்டியைத் தாளில் சுற்றி, காற்றுப்புகாத டப்பாவில் மூடி வைக்கவும். வெளியே எடுத்தபின் டப்பாவைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடவும். சிறு பெட்டிக்கு இரண்டு மணி நேரம் போதும், பெரியதற்கு அரைநாள்.