இரண்டாம் மேசையின் பென்டிரைவ்

எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரே ஒரு சிபியுதான் இருக்கிறது. அதில் இரண்டு மானிட்டர், இரண்டு கீபோர்டு, இரண்டு மவுஸ் மாட்டி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் அவரவர் கணக்கில் வேலை பார்க்கும்படி வைத்திருக்கிறோம். லினக்ஸில் இதற்கு மல்டிசீட் என்று பெயர். பணம் போட்டு இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாத இடத்தில் இது பெரிய உதவி. ஒவ்வொரு இருக்கைக்கும் தனி கிராஃபிக்ஸ் வேண்டும் என்பதால், போர்டிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் ஒன்றுக்கும், பழைய கடையில் வாங்கிய கார்டு இன்னொன்றுக்கும். கார்டைச் செருகியதும் போர்டில் இருக்கும் கிராஃபிக்ஸ் தானாக அணைந்துவிடும், பயாஸில் போய் அதை விடாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மற்றபடி டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், எல்லாம் ஒழுங்காக ஓடியது.

ஓடாதது பென்டிரைவ் மட்டும்தான்.

இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறவர்கள். பழைய வினாத்தாள், சான்றிதழ் ஸ்கேன், போட்டோ, கையெழுத்து என்று எல்லாமே பென்டிரைவில்தான் வரும். முதல் மேசையில் செருகினால் ஐகான் வரும், கிளிக் செய்தால் திறக்கும். இரண்டாம் மேசையில் செருகினால் ஐகான் வரும், கிளிக் செய்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு ஒரு ஜன்னல் எழும். நான் வாரத்தில் மூன்று நாள் மாலையில்தான் போவேன். போகும் நாட்களில் ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறை எழுந்து போய் பாஸ்வேர்டு அடித்துக் கொடுப்பேன். போகாத நாட்களில் இரண்டாம் மேசைக்காரர்களுக்கு ஒன்றும் நடக்காது.

நல்ல மனசோடுதான் ஒருவர் யோசனை சொன்னார்: "வாசகர் கணக்கை சூடோ குழுவில் சேர்த்துவிடு, எல்லாம் சரியாயிடும்." சரியாகும்தான். ஆனால் சூடோ குழு என்பது வீட்டுச் சாவி. அதில் சேர்ந்தவர் பென்டிரைவைத் திறக்கலாம், இன்னொருவரின் கோப்புகளைப் படிக்கலாம், கணக்கையே அழிக்கலாம். ஒரு டப்பாவைத் திறப்பதற்காக வீட்டையே எழுதிக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். மவுன்ட் செய்வதற்கு ஏன் ரூட் (முழு அதிகாரமும் உள்ள கணக்கு) அனுமதி கேட்கிறது? ஒரு சேமிப்பகத்தை அடைவு மரத்தில் ஒட்டவைப்பதுதான் மவுன்ட். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றால், பாஸ்வேர்டு கோப்புகள் இருக்கும் அடைவின் மேலேயே ஒருவர் தன் பென்டிரைவை மூடிவிடலாம். இன்னொன்று இன்னும் மோசம். வீட்டில் தான் ரூட்டாக இருக்கும் கம்ப்யூட்டரில், ஓட்டினால் ரூட் அதிகாரத்தோடு ஓடும்படி குறி போட்ட ஒரு நிரலைப் பென்டிரைவில் எழுதி எடுத்து வந்து, இங்கே செருகி ஓட்டினால் போதும். கதை முடிந்தது. அதனால்தான் மவுன்ட் ரூட்டின் வேலையாகவே இருக்கிறது.

இன்றைய டெஸ்க்டாப்பில் நடுவில் ஒருவர் இருக்கிறார். யூடிஸ்க்ஸ் என்று பின்னணியில் ரூட்டாக ஓடும் ஒரு சேவை. நாம் ஐகானைக் கிளிக் செய்தால் கோப்பு மேலாளர் நேராக மவுன்ட் செய்வதில்லை, யூடிஸ்க்ஸிடம் கேட்கிறது. யூடிஸ்க்ஸ், யாருக்கு எதற்கு அனுமதி என்று முடிவு செய்யும் போல்கிட் என்ற இன்னொரு சேவையிடம் "இவருக்குச் செய்து கொடுக்கலாமா?" என்று கேட்கிறது. போல்கிட் சரி என்றால், யூடிஸ்க்ஸ் மவுன்ட் செய்கிறது. எங்கே ஒட்டுவது என்பதை அதுவே தீர்மானிக்கும் (டெபியனில் மீடியா அடைவுக்குள், பயனர் பெயரில்). நோசூயிட், நோடெவ் என்ற இரண்டு கட்டுப்பாட்டையும் தானே சேர்த்துவிடும். அந்த ரூட் குறி போட்ட நிரல் அங்கே செல்லாது. இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. சாதாரணக் கணக்கில் பென்டிரைவ் திறப்பது ஏமாற்று வேலை இல்லை, அதற்கென்றே யோசித்துக் கட்டிய வழி இருக்கிறது.

அப்படியானால் ஏன் இரண்டாம் மேசையில் மட்டும் கேட்கிறது?

இங்கே இரண்டு நாள் தவறான பாதையில் போனேன். வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வாசகசாலைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, முதல் மேசையின் கணக்கிலேயே, யூடிஸ்க்ஸின் கட்டளையைக் கொடுத்து, செருகி வைத்திருந்த ஒரு பென்டிரைவை மவுன்ட் செய்து பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடடா, முதல் மேசையும் கெட்டுவிட்டதே என்று பதறினேன். மறுநாள் நேரில் போய் அதே கணக்கில் கிளிக் செய்தால் கேட்காமல் திறந்தது. கணக்கு ஒன்று, கட்டளை ஒன்று, பென்டிரைவ் ஒன்று. மாறியது நான் இருந்த இடம் மட்டும்.

போல்கிட்டின் கொள்கைக் கோப்பைத் திறந்து பார்த்தபோது விடை தெரிந்தது. பென்டிரைவ் மவுன்ட் செய்யும் அனுமதிக்கு அதில் மூன்று வரிகள் இருந்தன. கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, திரையில் நடப்பில் இருக்கும் அமர்வு (லாகின்) என்றால் "ஆம்". உட்கார்ந்திருந்தவர் லாக் அவுட் செய்யாமலே வேறொருவர் கணக்குக்கு மாற்றியிருந்தால், பின்னால் நிற்கும் பழைய அமர்வுக்கு அட்மின் பாஸ்வேர்டு. மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது எஸ்எஸ்ஹெச் போன்ற தூரத்து அமர்வுக்கும், அட்மின் பாஸ்வேர்டு. "நீ யார்" என்பதை விட "நீ எங்கே இருக்கிறாய்" என்பதற்குத்தான் இங்கே மதிப்பு. யோசித்தால் நியாயம். பென்டிரைவைக் கையில் வைத்திருக்கிறவர்தானே அதைச் செருகியிருப்பார், ஊருக்கு அப்பால் இருப்பவர் அதைத் திறக்க என்ன அவசியம்?

பழைய கம்ப்யூட்டரில் டெபியன் 11 இருந்த காலத்தில், யாரோ ஒரு தன்னார்வலர் எழுதி வைத்த விதிக் கோப்பு ஒன்று பேக்கப்பில் கிடந்தது. வாசகர் குழுவில் இருப்பவர்கள் எங்கிருந்தாலும் மவுன்ட் செய்யலாம் என்று அதில் இருந்தது. புதியதில் அதைக் காப்பி செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொடங்கிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. காரணம் இதுதான்: டெபியன் 11 வரை போல்கிட் 0.105 என்ற பழைய பதிப்பில் நின்றது, அது பிகேஎல்ஏ என்ற வடிவத்தில் விதிகளைப் படிக்கும். 2023-இல் வந்த டெபியன் 12-இல் இருப்பது போல்கிட் 122. அது ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய விதிகளைத்தான் படிக்கும், பிகேஎல்ஏ வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பொதி நிறுவ வேண்டும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது, கண்டுகொள்ளாமல் போய்விடும். உபுன்டு 22.04-இலிருந்து 24.04-க்குப் போகிறவர்களும் பழைய பதிப்பிலிருந்து புதியதுக்குத்தான் தாவுகிறார்கள், அவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, புதிய வடிவத்தில் ஒரு விதி எழுதினேன். ஐந்தாறு வரிதான். வாசகர் குழுவில் இருப்பவர் கேட்டால் ஆம் என்று சொல். ஆனால் எந்த அனுமதிக்கு என்று அதன் முழுப் பெயரையும் எழுத வேண்டுமே. அதற்காக, எழும்பிய பாஸ்வேர்டு ஜன்னலின் விவரப் பகுதியை விரித்துப் பார்த்தேன். அதில் இருந்த பெயர், சாதாரண மவுன்ட் அனுமதியின் பெயர் இல்லை. கடைசியில் 'அதர் சீட்', அதாவது வேறொரு இருக்கை, என்று இருந்தது.  அந்த ஜன்னலைக் குறைந்தது நூறு முறை பார்த்திருப்பேன். பாஸ்வேர்டு அடிக்கும் அவசரத்தில் விவரப் பகுதியை ஒருமுறையும் விரித்ததில்லை.

அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அந்த 'அதர் சீட்' பெயரையே விதியில் போட்டுச் சேமித்தேன். ஜன்னல் எழுவது நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம்.

நாலு நாள் கழித்து இரண்டாம் மேசையில் ஒரு பெண். தன் பென்டிரைவைச் செருகி, ஐகானைக் கிளிக் செய்தால் அனுமதி இல்லை என்று வந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, என் ஃபைல் எல்லாம் அந்தப் பக்கம் தெரியுதுண்ணா" என்றாள். முதல் மேசையில் இருந்த பையனின் திரையில் அவளுடைய சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் ஸ்கேன் எல்லாம் விரிந்து கிடந்தன. அவன் மீது தவறே இல்லை. அவன் தன் பென்டிரைவையும் அதே நேரத்தில் செருகியிருந்தான். திரையில் வந்த ஐகான்களில் ஒன்றைத் தன்னுடையது என்று நினைத்துக் கிளிக் செய்திருக்கிறான். அவன் கணக்கில் மவுன்ட் ஆனதால் அந்த அடைவு அவனுக்கு மட்டும் திறந்தது, உரியவளுக்கு மூடிக்கொண்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, பென்டிரைவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அன்றே அந்த விதியை அழித்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதுவரை இதை ஒரு தொந்தரவாகத்தான் பார்த்திருந்தேன். பாஸ்வேர்டு கேட்கிறது, அதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டர் கேட்டது நியாயமான கேள்வி. "இது அந்த மேசைக்காரருடைய பென்டிரைவ், நீ ஏன் திறக்கிறாய்?" என்றுதான் கேட்டிருக்கிறது. எந்த மேசை என்பதில் மட்டும் அது தவறாக நினைத்துக்கொண்டிருந்தது. அதற்கும் காரணம் நான்தான்.

இரண்டாம் மேசையில் நாலு துளை உள்ள ஒரு யூஎஸ்பி ஹப் இருக்கிறது. கீபோர்டும் மவுஸும் அதில்தான். மல்டிசீட் அமைத்தபோது அந்தக் கீபோர்டையும் மவுஸையும் தனித்தனியாக இரண்டாம் இருக்கையில் சேர்த்திருந்தேன். ஹப்பைச் சேர்க்கவில்லை. எந்த இருக்கையிலும் சேர்க்காத சாதனம் எல்லாம் முதல் இருக்கைக்கே போய்விடும். அதாவது சீட் 0. ஆக, ஹப்பில் செருகிய பென்டிரைவ் சீட் 0-க்குச் சொந்தம். முதல் மேசைக்காரர் கேட்காமல் திறக்கலாம், சீட் 1-இல் கண்ணெதிரே செருகியவருக்குப் பாஸ்வேர்டு. யூடிஸ்க்ஸிடம் அந்த டிரைவின் விவரம் கேட்டபோது, சீட் என்ற வரியில் 0 என்றே காட்டியது.

தீர்வு ஒரே கட்டளை. லாகின்சிடிஎல் என்ற கருவியில் இருக்கையின் நிலையைக் கேட்டால், எந்தச் சாதனம் எங்கே தொங்குகிறது என்று மரம் போல வரையும். அதில் ஹப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஹப்பைக் கழற்றி ஒருமுறை, மாட்டி ஒருமுறை பட்டியலைப் பார்த்தால் எது புதிதாக வந்தது என்று தெரிந்துவிடும். அந்தப் பாதையை அப்படியே எடுத்து, அட்டாச் என்ற சொல்லோடு சீட் 1-இல் சேர்த்தேன். இதற்கு மட்டும் ரூட் வேண்டும், ஒரே ஒரு முறை. அது, செருகும் சாதனங்களைக் கவனிக்கும் யூதேவ் என்ற சேவையின் விதிகள் இருக்கும் அடைவில் 72 என்று தொடங்கும் ஒரு சிறு கோப்பாகப் பதிந்துவிடுகிறது, மறுபடி தொடங்கினாலும் போகாது. ஹப்புக்குக் கீழே எதைச் செருகினாலும் அது ஹப்பின் இருக்கையையே வாங்கிக்கொள்ளும்.

பென்டிரைவைக் கழற்றி மறுபடி செருகினேன். இரண்டாம் மேசையில், வாசகர் கணக்கில், கிளிக். திறந்தது. முதல் மேசைக்குப் போய் அதே பென்டிரைவைத் திறக்கப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அந்த ஜன்னலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

சிபியுவின் முன்பக்கத் துளைகள் இன்னும் முதல் மேசைக்குத்தான். இரண்டாம் மேசைக்காரர் எட்டி அங்கே செருகினால் கேட்கும், கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றையும் அப்படியே விட்டேன். ஒருவர் மவுன்ட் செய்ததை இன்னொருவர் வெளியேற்றவும் அட்மின் அனுமதி வேண்டும். அதனால் அவரவர் செருகியதை அவரவரே ஐகானில் வெளியேற்றிவிட்டு எழச் சொல்லி ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எழுதி முடிப்பதற்குள் பிடுங்கினால் கோப்பு போய்விடும் என்பதையும் அதிலேயே எழுதினேன்.

இன்னொரு வகைச் சிக்கலும் வந்தது, அதற்கும் இருக்கைக்கும் சம்பந்தமில்லை. பொறியியல் படிக்கும் ஒரு பையன் லினக்ஸுக்கே உரிய இஎக்ஸ்டி4 வடிவத்தில் பென்டிரைவ் கொண்டு வந்தான். கேட்காமல் மவுன்ட் ஆனது, ஆனால் அதில் எழுத முடியவில்லை. பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட், எக்ஸ்ஃபேட் வடிவங்கள் இரண்டிலும் கோப்புக்கு உரிமையாளர் என்ற பதிவே கிடையாது, மவுன்ட் செய்தவரையே உரிமையாளராகக் காட்டிவிடும். இஎக்ஸ்டி4-இல் உரிமையாளரின் எண் உள்ளேயே எழுதியிருக்கும், அந்த எண் இங்கே வேறு யாரோ. ஊர் ஊராகக் கொண்டு போகும் பென்டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

போன மாதம் ஹப் செத்துவிட்டது. வேறு கம்பெனி ஹப் ஒன்று வாங்கி மாட்டினேன், மறுபடி எல்லாம் செய்ய வேண்டியிருக்குமோ என்று நினைத்தபடி. வேண்டியிருக்கவில்லை. பதிந்திருப்பது ஹப்பின் பெயர் இல்லை, சிபியுவின் பின்னால் அது செருகியிருக்கும் துளையின் இடம். வேறு துளையில் மாட்டினால்தான் கெடும். அந்தத் துளையைச் சுற்றி சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, மேலே மார்க்கரில் '2' என்று எழுதி வைத்திருக்கிறேன்.