நீல மூடிக் குழாய்

அம்மாவுக்கு இதயத்தில் உலோக மைட்ரல் வால்வு வைத்ததிலிருந்து, மாதம் ஒருமுறை ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். வால்வில் ரத்தம் கட்டிவிடக் கூடாதென்று வார்ஃபரின் மாத்திரை. அது ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. அதனால் அந்த வைட்டமின் நிறைந்த முருங்கைக்கீரை திடீரென்று கூடினால் எண் இறங்கிவிடும்.

போன மாதம் 5.1 என்று வந்தது. இருக்க வேண்டியது 2.5 முதல் 3.5. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதா, எங்காவது கன்றியிருக்கிறதா என்று துளைத்தெடுத்தேன். "ஒண்ணுமில்லடா, போய்ச் சாப்பிடு" என்றார்.

அப்புறம்தான் நினைவு வந்தது. நரம்பு சரியாகக் கிடைக்காமல், நீல மூடிக் குழாயைப் பாதிதான் நிரப்பியிருந்தார்கள். அதற்குள் இருக்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. ஆய்வகத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவோடு, உறைதலைத் தொடங்கிவைக்கும் திராம்போபிளாஸ்டினும் கால்சியமும் சேர்த்து, உறைய எத்தனை விநாடி என்று பார்ப்பார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு 12 விநாடி வாக்கில் உறைந்துவிடும். ரத்தம் குறைவாக இருந்தால், மிச்சமிருக்கும் சிட்ரேட் புதிதாகச் சேர்க்கும் கால்சியத்தையும் விழுங்கிவிடும். உறைய நேரமாகும், எண் ஏறும்.

டாக்டருக்குப் போன் போட்டேன். சரி, மறுபடி எடுங்கள் என்றார். இந்த முறை கோடு வரை நிரம்புகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

2.9.