ஹேக் போடுகிறவர்கள் எல்லோரும் ஆடத் தெரியாதவர்களா?

ஆன்லைன் கேமில் ஹேக் போடுகிறவனை, அதாவது ஏமாற்று மென்பொருள் வைத்து ஆடுகிறவனைப் பார்த்தால் "ஆடத் தெரியாதவன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை.

2018இல் ஷாங்காயில் நடந்த, கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் போட்டியில் மாட்டியவர் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர். குறிபார்க்க உதவும் ஏமாற்று மென்பொருளுக்கு தட்டச்சு செய்யும் வேர்ட் மென்பொருள் போலத் தெரிய 'வேர்ட்.எக்ஸி' என்று பெயர் வைத்திருந்தார். நடுவர் கணினியைச் சோதிக்க வந்ததும் அவசரமாக மூடப் பார்த்தார். (துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே எந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தாரோ!) ஐந்தாண்டுத் தடை. அணியும் கலைக்கப்பட்டது.

அவ்வளவு தூரம் வந்தவருக்கு ஆட்டம் தெரியாமலா இருக்கும்? திறமை இருக்கிறவனுக்குத்தான் அந்த இடத்தை இழக்கும் பயமும் அதிகம் என்று நினைக்கிறேன்.

சாதாரண ஆட்டக்காரர்கள் கதை வேறு. தொடர்ந்து தோற்கிறோம், ரேங்க் இறங்குகிறது, "எதிரணியில் எவனோ ஹேக் போடுகிறான்" என்ற சந்தேகம் வருகிறது. அப்புறம் "அவன் போட்டால் நானும் போடுவேன்". இது நட்பு வழியாகவும் பரவும். ஸ்டீம் என்ற கேம் தளத்தின் கணக்குகளை ஆராய்ந்தவர்கள், ஏமாற்றிப் பிடிபட்டவர்களின் நண்பர் பட்டியலில் அதே மாதிரி ஆட்கள் நிறைய இருப்பதைக் கண்டார்கள். மாதச் சந்தாவுக்கு ஹேக் விற்கும் வியாபாரமும் இவர்களை நம்பித்தான் ஓடுகிறது.

இன்னொரு வகை உண்டு. அவர்களுக்கு வெற்றியே வேண்டாம், நாம் கத்துவதுதான் வேண்டும். அவர்களுக்கு நான் சாட்டில் பதிலே போடுவதில்லை. ரிப்போர்ட் அடித்துவிட்டு அடுத்த மேட்ச்.