கழுதை மேய்க்கத்தான் லாயக்கு

எட்டாம் வகுப்பில் கணக்கில் 38 மார்க் வாங்கி வந்த அன்று அம்மா சொன்னது, "நீ கழுதை மேய்க்கத்தான்டா லாயக்கு." அப்புறம் எப்படியோ தேறி, கம்ப்யூட்டர் படித்து, அரிசோனா வரை வந்து, ஃபீனிக்ஸுக்கு வடமேற்கே ஒரு ஏக்கர் நிலத்தோடு வீடும் வாங்கி, போன மாதம் ஒரு சனிக்கிழமை விடிகாலையில் ஃபேர்கிரவுண்ட் புழுதியில் ஒரு கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அம்மா வாக்கு பலித்துவிட்டது உறைத்தது. அதற்கு நுழைவுக் கட்டணம் வேறு கட்டியிருந்தேன்.

இது சும்மா கழுதை இல்லை, காட்டுக் கழுதை. பரோ என்பார்கள். ஸ்பானியர்கள் இந்தக் கண்டத்துக்குக் கொண்டுவந்த கழுதைகளின் வம்சம். தங்கமும் வெள்ளியும் தோண்ட வந்தவர்கள் மூட்டை சுமக்க வைத்திருந்து, சுரங்கம் வற்றியதும் அப்படியே அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவை பாலைவனத்தில் தானாகப் பிழைத்துப் பெருகிவிட்டன. ஓட்மன் என்று ஒரு பழைய சுரங்க ஊர் இருக்கிறது, அங்கே நடுத்தெருவில் நின்றுகொண்டு காரை மறித்துத் தீனி கேட்கும். என் மகள் அங்கேதான் விழுந்தாள். கார் கண்ணாடிக்குள் ஒன்று தலையை விட்டு அவளைப் பார்த்தது, அவளும் பார்த்தாள், முடிந்தது.

1971-ல் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று காட்டுக் குதிரைகளுக்கும் பரோக்களுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. அரசு நிலத்தில் மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் மிஞ்சிப் பெருகினால் நில மேலாண்மைத் துறை பிடித்து வந்து தத்துக் கொடுக்கும். நான் கட்டியது 125 டாலர். சரி, மலிவாக இருக்கிறதே என்று விண்ணப்பத்தைப் படித்தால், ஒரு விலங்குக்குக் குறைந்தது 400 சதுர அடியில் பட்டி வேண்டும், பழகாத பெரிய குதிரை என்றால் ஆறடி வேலி, பரோவுக்கு நாலரை அடி, நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்த அறை அதில் கால்வாசி இருந்தால் அதிகம். நிழல் இருந்தது, தண்ணீர் மாலையில் வரும்.

தத்து எடுத்தாலும் உடனே நம்முடையது ஆகிவிடாது. ஒரு வருஷம் ஒழுங்காக வைத்துக் காப்பாற்றி, கால்நடை மருத்துவரோ அவர் மாதிரி ஒருவரோ பார்த்துச் சான்று கொடுத்த பிறகுதான் டைட்டில் நம் பெயருக்கு வரும், அதுவரை அரசாங்கச் சொத்து. நான் பன்னிரண்டு வருஷமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். கழுதைக்குப் பதின்மூன்றாம் மாதமே பேப்பர் வந்துவிட்டது. அதன் கழுத்தின் இடது பக்கம் திரவ நைட்ரஜனில் குளிர வைத்த இரும்பால் பிறந்த வருஷமும் பதிவு எண்ணும் கோணல் கோணலான குறிகளாகப் போட்டிருப்பார்கள், அந்த இடத்தில் முடி வெள்ளையாக வளரும். என் மனைவி அந்தக் குறியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்களும் ஒண்ணு போட்டுக்கிட்டா சீக்கிரம் வருமோ?" என்றாள்.

பெயர் வைத்ததும் அவள்தான். வந்த முதல் நாள் டிரெய்லரை விட்டு இறங்க மாட்டேன் என்று வாசலிலேயே ஒன்றே கால் மணி நேரம் நின்றது. பின்னால் தள்ளினாலும் இல்லை, முன்னால் கேரட்டை நீட்டினாலும் இல்லை. "மாப்பிள்ளை முறுக்கு, ஆரத்தி எடுத்தாத்தான் இறங்குவாரு" என்றாள். நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போன பிறகு மாப்பிள்ளை தானாக இறங்கி, மகள் ஆசையாக வைத்திருந்த ரோஜாச் செடியைத் தின்றுகொண்டிருந்தார்.

பக்கத்து நிலத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், எழுபது தாண்டியவர், வாழ்நாள் பூராவும் குதிரைகளோடு இருந்தவர். அவர்தான் விளக்கினார். குதிரை பயந்தால் முதலில் ஓடும், அப்புறம்தான் எதற்கு ஓடினோம் என்று யோசிக்கும். கழுதை நின்று யோசிக்கும். அதைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம். இழுக்க இழுக்க அதற்குச் சந்தேகம் கூடும், எனவே கயிற்றைத் தளர்த்திவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நில், தானாக வரும் என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் இவ்வளவு உருப்படியான அறிவுரை சொன்னதில்லை.

போட்டிக்குப் பெயர் கொடுத்ததும் பாட்டிதான். தத்தெடுத்த காட்டுக் குதிரைகளுக்கும் பரோக்களுக்கும் மட்டுமான கண்காட்சி. போய்ப் பார்த்தால் எல்லாம் பளபளவென்று மஸ்டாங் குதிரைகள். பிடரி சீவி, குளம்புக்கு எண்ணெய் தடவி, ஒவ்வொன்றும் பெண் பார்க்க வந்தது மாதிரி. எனக்கு அடுத்து நின்ற கறுப்புக் குதிரை, ஃப்ளோரன்ஸ் ஊர் சிறையில் கைதிகள் பழக்கிவிட்டதாம். சொந்தக்காரர் விரலை அசைத்தால் நிற்கிறது, மூச்சு விட்டால் பின்னால் போகிறது. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். என் வரிசை எண் எழுதிய அட்டையில் பாதியை மென்று முடித்திருந்தது.

முதல் சுற்று ஹால்டர் வகுப்பு. கயிற்றில் பிடித்து நடத்திக் காட்டி, நான்கு காலும் சதுரமாக நிற்க வைக்க வேண்டும். நடுவர் சுற்றி வந்து உடலமைப்பைப் பார்ப்பார். மாப்பிள்ளை மூன்று காலைச் சரியாக வைத்தது. நான்காவதை நான் வைத்தால் முதலாவதை எடுத்தது. நடுவர் அம்மா பொறுமையாக நின்றார், சிரிப்பை அடக்கியது தோளில் தெரிந்தது. பரோ பிரிவில் மொத்தம் நான்கு பேர், எங்களுக்கு நான்காம் இடம். இங்கே முதல் பரிசுக்கு நீல ரிப்பன், நான்காவதுக்கு வெள்ளை. ரிப்பன் ரிப்பன்தான்.

அடுத்தது தடைகள். மரப்பாலம், நீலத் தார்ப்பாய், கம்புகளால் போட்ட எல் வடிவச் சந்தில் பின்னோக்கி நடப்பது, தபால் பெட்டியைத் திறந்து காகிதம் எடுப்பது. பாலத்தில் மாப்பிள்ளை முதல் பலகையை முகர்ந்தது, இரண்டாவதையும் முகர்ந்தது, பாலம் கட்டிய இன்ஜினியர் யார், என்ன தகுதி என்று விசாரிக்கிற தோரணையில் நின்றது. நான் பாட்டி சொன்னபடி கயிற்றைத் தளர்த்தி வானத்தைப் பார்த்தேன். அந்தக் கறுப்புக் குதிரையே தார்ப்பாய் படபடத்ததில் இரண்டு முழம் பக்கவாட்டில் குதித்துச் சொந்தக்காரரின் தொப்பியைப் பறக்கவிட்டதை நான் பார்த்திருந்ததால் எனக்குள் ஒரு நப்பாசை. நாற்பது விநாடியோ என்னவோ, மாப்பிள்ளை பெருமூச்சு விட்டு டக் டக்கென்று பாலத்தில் நடந்தது, தார்ப்பாயை வீட்டுத் திண்ணை மாதிரி மிதித்தது, எல் சந்தில் ஒரு கம்பைக்கூடத் தொடாமல் பின்னால் வந்தது. கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, புழுதி என்று சொல்லிக்கொண்டேன்.

தபால் பெட்டி மட்டும்தான் பாக்கி. அதைத் திறந்தேன், கீல் கிரீச்சென்றது. அவ்வளவுதான், நான் தளர்த்திப் பிடித்திருந்த கயிறு கையில் இல்லை. ஓட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு கம்பீரமான வேகநடை. வாசலில் தடுக்க வந்த பையனைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டது. ஒலிபெருக்கியில் "மாப்-பில்லி வெளியேறிவிட்டது, யாரும் துரத்த வேண்டாம்" என்று அறிவிப்பு. நானும் மனைவியும் மகளும் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். டிரெய்லர்கள், வைக்கோல் கடை, பார்க்கிங், எங்கும் இல்லை. கடைசியில் கழிப்பறைக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில் பாதி இடிந்த ஒரு சுவர், அதில் உடம்பைச் சாய்த்து, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பதைச் சொன்னவன் அரிசோனாவுக்கு வந்ததில்லை, ஆனாலும் என்ன துல்லியம். நானும் மனைவியும் சிரித்த சிரிப்பில், விஷயம் புரியாத மகள் எங்கள் இருவரையும் பார்த்துக் கொஞ்சம் கவலைப்பட்டாள்.

மதியம் மாறுவேடப் போட்டி. எல்லாரும் பரோவுக்குச் சுரங்கக்காரன் வேஷம்தான், மண்வெட்டி, கடப்பாரை, தங்கம் அலசுகிற தட்டு. மகள் முந்தின வாரமே என்னிடம் கேட்டாள், நம்ம ஊரில் கழுதைக்கு என்ன விசேஷம் என்று. யோசித்து, கடைகளில் மாட்டியிருப்பார்களே அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் அட்டையில் மஞ்சள் பெயின்ட் அடித்து, கோணல் எழுத்தில் 'என்னைப் பார் யோகம் வரும்' என்று தமிழில் எழுதி மாப்பிள்ளையின் கழுத்தில் மாட்டி, செவந்திப் பூ மாலையும் போட்டுவிட்டாள். நடுவர் அம்மா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். அவர் இரண்டடி பின்னால் போய், கைகட்டி நின்று, மாப்பிள்ளையை நேருக்கு நேர் ஒரு முழு நிமிஷம் பார்த்தார். மாப்பிள்ளையும் இமைக்காமல் பார்த்தது. முதல் பரிசு. நீல ரிப்பன்.

இரவு அம்மாவுக்கு வீடியோ காலில் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த 38 மார்க் விவகாரத்தையும் ஞாபகப்படுத்தினேன். அம்மா அப்படிச் சொல்லவே இல்லையாம். "மாடுன்னுதான்டா சொல்லியிருப்பேன்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, தம்பி கடையில் கல்லாவுக்கு மேலே மாட்ட ஒரு படம் வேணும், அந்த நீல ரிப்பனோட, முகம் நல்லா தெரியற மாதிரி எடுத்து அனுப்பு என்றார். டார்ச் எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனேன். அட்டை இருந்தது. மாலை இல்லை. ரிப்பனில் குண்டூசி மட்டும்தான் தரையில் கிடந்தது. மறுநாள் காலையில் வெள்ளை ரிப்பனைக் குத்தி ஒரு படம் எடுத்து அனுப்பினேன். நீலம் எங்கேடா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.