பேனல் வந்தது, பொத்தான் வரவில்லை

சுங்கை சிப்புட்டில் எங்கள் எஸ்டேட் குரூப்பின் வட்டார ஆபீஸ் ஒரு பழைய பலகை பங்களா. வெளியே நின்று பார்த்தால் இன்னும் ரப்பர் காலம்தான். உள்ளே கணக்கு முழுக்க செம்பனை, அதாவது பாமாயில் தரும் பனை. மாதம் ஒருமுறை கோலாலம்பூர் தலைமை ஆபீஸோடு வீடியோ மீட்டிங் நடக்கும். ஒரு லேப்டாப்பைச் சுற்றி ஏழு பேர். பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், ஐயாவின் காது மட்டும் கேமராவில் தெரியும். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடித்து நேராக வரும் தோட்டக் கண்டக்டர்கள் பின்னால் உட்கார்ந்து கண் அசந்தாலும் யாருக்கும் தெரியாது. அந்த ஏற்பாட்டில் இருந்த ஒரே வசதி அதுதான்.

போன வருடம் ரூமுக்கு ஒழுங்கான செட் போடச் சொல்லி உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த கிராணி நான் ஒருவன்தான், அதனால் என் தலையில் விழுந்தது. டிவிக்குக் கீழே கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்த ஒரு பார். மேசைமேல் பத்து அங்குல டச் பேனல். இரண்டிலும் ஓடுவது மைக்ரோசாஃப்டின் மீட்டிங் ரூம் மென்பொருளான டீம்ஸ் ரூம்ஸ், ஆண்ட்ராய்டு வகை.

“தம்பி, இது டிவி ரிமோட் மாதிரிதானே?” என்றார் ஐயா.

பாதி சரி. பேனல் தானாக எந்த வீடியோ காலையும் எடுப்பதில்லை. படமும் குரலும் பாருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் வேலை. மீட்டிங்கில் சேர், மைக்கை அடை, சத்தத்தைக் கூட்டு என்று நெட்வொர்க் வழியாகச் சொல்வது மட்டும்தான் பேனல். எது கெட்டால் எங்கே தேடுவது என்பதற்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது உறைக்க ஒரு வாரம் ஆனது.

பேனலுக்குத் தனி பிளக் கிடையாது. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் வரும், பிஓஇ என்பார்கள். நெட்வொர்க் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். சாதாரண பிஓஇ சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். வழியில் கேபிள் தின்பது போக மறுமுனையில் 12.95 வாட் கிடைக்கும் என்பது கணக்கு. எங்கள் சுவிட்ச் பின்கட்டு ஸ்டோர் ரூமில் இருக்கிறது. அங்கிருந்து கூரைக்குள் வளைந்து வளைந்து மீட்டிங் ரூமுக்கு வர 60 மீட்டருக்கு மேல். 100 மீட்டர் வரை போகலாம் என்பதால் நான் கவலைப்படவில்லை.

பேனலில் வெளிச்சம் வந்தது. லோகோ வந்தது. இரண்டு நிமிடம் நன்றாக இருந்தது. அணைந்தது. மறுபடி லோகோ. ஒரு மாலை முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனல்தான் பழுது என்று திருப்பி அனுப்பப் பெட்டியில் போட்டும் விட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஏதோ தோன்றி, மறுநாள் அதை ஸ்டோர் ரூமுக்கே தூக்கிப்போய் ஒரு முழ நீளக் கேபிளில் சுவிட்சோடு நேராக மாட்டினேன். சாயங்காலம் வரை அசையவில்லை.

அப்படியானால் கூரைக்குள் போன கேபிள். அதன் நுனியை வெட்டி, ஒரு கம்பியைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! கேபிள் இழுத்த அண்ணனுக்கு போன் போட்டேன்.

“இன்டர்நெட் வருதா இல்லையா தம்பி?”

“வருதுண்ணே.”

“அப்புறம் என்ன?”

அவர் சொன்னதும் பொய்யில்லை. டேட்டா போகத்தான் செய்தது. ஆனால் அலுமினியத்துக்கு மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. திரை பளிச்சென்று எரிந்து அதிக மின்சாரம் இழுக்கும்போது மறுமுனைக்குப் போதுமான வோல்ட் வந்து சேர்வதில்லை. பெட்டியில் கேட்6 என்று அச்சடித்திருந்தாலும் அந்தத் தரத்தில் அலுமினியத்துக்கு இடமே கிடையாது. ஒரு சனிக்கிழமை எலிப்புழுக்கைக்கு நடுவே நானும் அவருமாகச் சுத்தச் செம்புக் கேபிளை இழுத்தோம். கூலி வாங்க மாட்டேன் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

லாகின் அவ்வளவு கஷ்டமில்லை. ரூமையும் ஒரு ஆளாக நினைத்துக்கொள்ள வேண்டும்: அதற்கென்று அக்கவுண்ட், மெயில்பாக்ஸ், லைசன்ஸ். பேனலில் ஒரு கோட் வரும், அதை 15 நிமிடத்துக்குள் வேறு பிரௌசரில் தட்ட வேண்டும். முதல் கோட் நான் பாஸ்வேர்ட் தேடுவதற்குள் செத்துப்போனது. இரண்டாவது முறை போனில் உறுதி செய் என்றது. ரூமுக்கு ஏது போன்? தலைமை ஆபீஸில் சொல்லி அந்தச் சோதனையை இந்த அக்கவுண்டுக்கு மாற்றியமைத்து, பாஸ்வேர்ட் காலாவதி ஆவதையும் நிறுத்தினோம். கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கிக் காட்டியது. நேர மண்டலத்தை மாற்றியதும் சரியானது.

உண்மையான தலைவலி எம்எஸ்பிஓ என்ற மலேசியப் பாமாயில் சான்றிதழுக்கான தணிக்கையின்போது வந்தது. செம்பனைத் தோட்டங்களுக்கு 2020 முதல் அந்தச் சான்றிதழ் கட்டாயம். தணிக்கையாளர்கள் முதல் கூட்டத்தை வீடியோவில் வைத்து, எங்கள் ரூமுக்கும் அழைப்பு அனுப்பினார்கள். பேனலில் எதுவும் வரவில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பை ரூம் மெயில்பாக்ஸ் தானாக ஏற்காதாம். அதைத் திறந்துவிடச் சொன்னேன். மறுநாள் வந்தது. ஆனால் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் அனுப்பியவர் பெயர் மட்டும், சேர்வதற்கான பொத்தானைக் காணோம். எங்கள் தலைமை ஆபீஸ் மீட்டிங்குக்கெல்லாம் பொத்தான் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று பத்து மணிக்கு வேறு வழியில்லாமல் மீட்டிங் எண்ணையும் பாஸ்கோடையும் பேனலில் கையால் தட்டினோம். ஐயா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, காகிதத்தை மூக்கருகே பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். “பெரிய எஸ்ஸா, சின்ன எஸ்ஸா ஐயா?” “எஸ் எஸ்தான், போடு.” மூன்றாவது தடவைதான் கதவு திறந்தது. பத்து நிமிடம் தாமதம்.

காரணம் மெயில்பாக்ஸ்களை நடத்தும் எக்ஸ்சேஞ்சில் இருந்தது. ரூம் மெயில்பாக்ஸ், யாரும் மாற்றாதவரை, அழைப்பின் உள்ளே எழுதியிருப்பதை அழித்துவிட்டு, தலைப்பிலும் அழைத்தவர் பெயரைப் போட்டு வைக்கும். வெளியார் மீட்டிங்கின் இணைப்பு அந்த உள்ளெழுத்தில்தான் இருக்கிறது. அது போனால் பேனல் எதை வைத்துப் பொத்தான் காட்டும்? ‘டெலிட் காமெண்ட்ஸ்’, ‘டெலிட் சப்ஜெக்ட்’, ‘ஆட் ஆர்கனைசர் டு சப்ஜெக்ட்’ மூன்றையும் அணைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் பவர்ஷெல்லில் ஒரே வரி. பேனலுக்குள் எவ்வளவு தேடினாலும் இது கிடைக்காது, நான் இரண்டு நாள் தேடினேன்.

இப்போது எல்லாப் பொத்தானும் வருகிறது. சொல்லப்போனால் அதிகமாகவே. ஒரு காலையில் கூட்டிப் பெருக்கும் அக்கா ஈரத்துணியால் பேனலைத் துடைக்க, ஒன்பது மணி மீட்டிங் எட்டரைக்கே திறந்துகொண்டது. தலைமை ஆபீஸில் யாரோ முன்னதாகவே உட்கார்ந்திருந்தார்கள் போல. “ஹலோ, சுங்கை சிப்புட்?” என்றது டிவி. அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து, “துரை இன்னும் வரலீங்க” என்று பதில் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் துடைக்கிறார். மறுபடி மாட்டினால் பேனல் எழுந்திருக்கச் சில நிமிடம் பிடிக்கிறது. நான் எதுவும் சொல்வதில்லை.